நிலைத்த வளர்ச்சியும் வேகாத பருப்பும்: ஆசிரியர்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலாற்றுப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாகச் சமூக அறிவியலும் பொருளியலும் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது ஆசிரியர் பயிற்சிகளுக்கும் பேசக் கூப்பிடுவார்கள். ‘நிலைத்த வளர்ச்சி’ (சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்) பாடம் வந்துவிட்டால் எந்த ஊராக இருந்தாலும் இதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நிலைத்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி... எதுதான் சார் சரியான வார்த்தை?

தேர்வுக்கு என்றால் உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கொஞ்சம் நகர்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்றால் எது குறையக் கூடாது என்று அந்த வார்த்தையே சொல்லிவிடுகிறது. இலங்கையில் ‘பேண்தகு அபிவிருத்தி’ என்பார்கள், அதில் பேணுகிற ஆள் ஒருவர் மறைந்திருக்கிறார். ‘நிலையான வளர்ச்சி’யில் இதெல்லாம் இல்லை.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “நிலையான வளர்ச்சின்னா நிக்காம வளர்ந்துகிட்டே இருக்கிறதா சார்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், பட்ஜெட் உரைகளில் அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் அவள் சொன்ன அர்த்தத்தில்தான் வருகிறது.

இது எங்கிருந்து வந்த யோசனை? நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு?

1713-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி, காடு வளரும் வேகத்தை மரம் வெட்டும் வேகம் தாண்டக் கூடாது என்று எழுதினார். மரத்தின் மேல் பாசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெள்ளிச் சுரங்கத்துக்கும் உலைக்கும் விறகு போதவில்லை, சுரங்கம் நின்றுவிடுமோ என்பதுதான் கவலை. ஆக, பிறந்தபோதே இந்த யோசனைக்கு ஒரு கால் காட்டிலும் ஒரு கால் தொழிலிலும் இருந்தது.

1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையும்தானே மிகப் பெரிய மாசு என்கிற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். 1987-இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் அந்தப் பிரபலமான வரையறையைத் தந்தது: வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. வினா-விடைப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றன. அடுத்த வரியிலேயே, தேவை என்றால் முதலில் உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே முதலிடம் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதை விட்டுவிட்டால் ‘தேவை’ என்ற சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நம்ம ஊருக்கு வந்தது எப்போது என்று கேட்டால் தேதியே சொல்லலாம். 1996 ஆகஸ்ட் 28. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். நிலைத்த வளர்ச்சி, கெடுதி உறுதியாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்துபவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை, இவையெல்லாம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இதைப் படிக்கிறார்கள். வேலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அது நம் லட்சணம்.

இது அறிவியல் பாடம்தானே? சமூக அறிவியல் வாத்தியாருக்கு இதுல என்ன வேலை?

அப்படி நினைக்கப் பழகிவிட்டோம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது, 2003-இல் பாடத்திட்டம் தயாரிக்கச் சொன்னது. வந்த பாடம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஓசோன், பசுமை இல்ல வாயு, உணவுச் சங்கிலி. இன்னொன்று, குழாயை மூடு, விளக்கை அணை என்கிற நன்னெறி. இரண்டுக்கும் நடுவே விலை, கூலி, லாபம், உரிமம், வாக்கு, சாதி என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. அதை யார் நடத்துவது?

என் அம்மாயி ஊர் ஆம்பூர்ப் பக்கம். அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இரண்டு மணி நேரம் விறகெரித்தாலும் முத்து முத்தாக நிற்கும். ஏன் வேகவில்லை என்பதற்கு உப்பும் கடினத்தன்மையும் காரணம் என்று அறிவியல் சொல்லிவிடும். அந்த உப்பு யார் கணக்கில் வந்தது, அந்தத் தண்ணீரை வைத்து யார் சம்பாதித்தார்கள், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அம்மாயி எவ்வளவு தூரம் நடந்தார், ஏன் தாத்தா நடக்கவில்லை, இதெல்லாம் நம் பாடம். ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் போகிறது என்று அந்த 1996 தீர்ப்பிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்ததில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்றும் இருக்கிறது. இது பொருளியல் கணக்கு இல்லை என்றால் வேறு எது?

அப்ப மரம் நடறது, மஞ்சப்பை கொண்டு வர்றது எல்லாம் தப்புங்கிறீங்களா?

இல்லவே இல்லை. நானும் மஞ்சப்பைதான் தூக்குகிறேன். கேள்வி, அதோடு பாடம் முடிந்துபோகிறதா என்பதுதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தொடக்கத்தில் கடையில் தரும் கேரி பேக்குக்குத் தடை, ஆலையிலேயே அடைத்து வரும் பொருட்களின் உறைகளுக்கெல்லாம் விலக்கு. பூக்காரம்மாவிடம் கவரைப் பிடுங்கியதைப் பிள்ளைகள் தெருவில் பார்த்தார்கள், பெரிய கம்பெனிக்காரரின் உறை அதே கடையில் சரம் சரமாகத் தொங்கியதையும் பார்த்தார்கள். அந்த விலக்குப் பிறகு நீக்கப்பட்டது என்பது வேறு விஷயம். தடை முதலில் யார் மேல் விழுந்தது, ஏன் அப்படி விழுந்தது என்று ஒரு பீரியட் பேசிவிட்டு அப்புறம் மஞ்சப்பையில் ஓவியம் வரையச் சொல்லுங்கள், நன்றாக வரைவார்கள்.

கார்பன் கால்தடம் கணக்குப் போட வைக்கிறேன், பசங்களுக்கு ரொம்பப் பிடிக்குது. அதுல என்ன பிரச்சினை?

ஒருவர் வாழும் முறையால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்பதுதான் கார்பன் கால்தடம். கணக்கில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு உண்டு. 2004-இல் அவர்களே ஒரு கணிப்பானை இணையத்தில் போட்டார்கள். எண்ணெய் எடுத்து விற்பவர், ‘உன் தடம் எவ்வளவு?’ என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார். இந்தக் கதையையும் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு இதுவும் பிடிக்கும்.

இன்னொன்று. சராசரி ஏமாற்றும். இந்தியரின் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கரின் சராசரி சுமார் 14 டன். சரி, இதோடு விட்டால் நாமெல்லாம் உத்தமர்கள் ஆகிவிடுவோம். இந்த ஊரிலேயே நாலு அறைக்கும் ஏசி போட்ட வீடும் இருக்கிறது, மின்விசிறிக்கே யோசிக்கிற வீடும் இருக்கிறது. 1990 முதல் 2015 வரை உலகம் வெளியிட்ட கார்பனில் பாதிக்கு மேல், அதாவது 52 விழுக்காடு, பணக்கார 10 விழுக்காட்டினருடையது என்று ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 2020-இல் கணக்குக் காட்டியது. என் வகுப்பில் ஒரு பையனுக்கு விடை மிகச் சிறியதாக வந்தது. “அப்ப நான் ரொம்ப நல்லவனா சார், இல்ல எங்க வீட்டுல ஒண்ணுமே இல்லையா?” என்றான். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.

எங்கப்பா டேனரியிலதான் மிஸ் வேலை செய்றாரு. மூடிட்டா நாங்க எப்படிச் சாப்பிடறது?

இதைக் கேட்டது ஒரு எட்டாம் வகுப்பு மாணவி. டேனரி என்றால் தோல் பதனிடும் ஆலை. பதில் தெரியாமல் தவித்த அவளுடைய டீச்சர் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியைத் திசைதிருப்பாதீர்கள். மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். ஆற்றைக் கெடுத்தவர்கள் என்று நாம் கரும்பலகையில் எழுதும்போது, அந்தப் பிள்ளைக்குத் தெரிவது முதலாளி இல்லை, சாயங்காலம் கால் வெளுத்துத் தோல் உரிந்து வீட்டுக்கு வருகிற அப்பா. இந்த வேலைக்குப் போனவர்களில் நிறையப் பேர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். வேறு எந்தக் கதவும் திறக்காத இடத்தில் இந்தக் கதவு திறந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களைக் கேட்டால் அவர்கள் சம்பளம் வீட்டில் என்ன மாற்றியது என்று சொல்வார்கள். அதையும் வகுப்பில் வையுங்கள்.

மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூரைப் பாருங்கள். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயத் தண்ணீரில் கெட்டுப்போக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம். விவசாயிக்கு அது நியாயம், பல வருடம் காத்திருந்து வாங்கிய நியாயம். ஆனால் திறக்கும் வரை கூலிக்காரரின் வாடகையை யார் கட்டுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ‘நியாயமான மாற்றம்’ என்று தொழிற்சங்கங்கள் கேட்பது இதைத்தான். 2015-இன் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் முன்னுரையிலும் அது இடம்பெற்றது.

இன்னொரு சம்பவமும் உண்டு, சொல்லக் கஷ்டமாக இருக்கும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய அமைப்பு அது. சுற்றுச்சூழல் பக்கம் ‘டிக்’ போட்டுவிட்டால் சமூகப் பக்கம் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும்.

மாசுபடுத்தினவரே பணம் கட்டணும்னு தீர்ப்பே வந்துடுச்சே, அப்புறம் என்ன?

காலக்கோடு போட வையுங்கள். வழக்கு 1991, தீர்ப்பு 1996. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே வேலூர்த் தோல் கழிவு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொன்னது: இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று. வழக்குப் போட்டபோது பத்தாவது படித்த பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறது. சட்டம், தீர்ப்பு, அமலாக்கம் மூன்றும் வேறு வேறு என்பதைக் குடிமையியலில் இதைவிடத் தெளிவாக நடத்த எனக்கு வழி தெரியவில்லை.

இதற்கிடையில் யார் கட்டிக்கொண்டிருந்தார்கள்? கேன் தண்ணீர் வாங்கிய வீடு கட்டியது. போர் இன்னும் நூறு அடி இறக்கிய விவசாயி கட்டினார். அவர்கள் யாருக்கும் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பவில்லை, தாமாகவே மாதா மாதம் கட்டினார்கள்.

ஐ.நா.வோட 17 இலக்குல என்ன குறை கண்டீங்க? உலகமே ஏத்துக்கிட்டதாச்சே.

2015-இல் ஏற்றுக்கொண்டார்கள், 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள், 169 உட்குறிக்கோள்கள். பசி, கழிப்பறை, பெண் கல்வி என்று அதில் கேட்கப்பட்டவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எனக்கு உறுத்துவது அந்தச் சுவரொட்டி. 17 கலர் பெட்டிகள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றோடொன்று இடிக்காமல் அழகாக உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் இடிக்கும். எட்டாவது இலக்கு பொருளாதார வளர்ச்சி கேட்கிறது, மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 விழுக்காடு என்று எண்ணே போடுகிறது. ஆறாவது தண்ணீரைக் காக்கச் சொல்கிறது. தோல் ஏற்றுமதி கூடினால் எட்டுக்கு நல்லது, ஆறுக்கு? வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரித்து எட்டையும் ஆறையும் பாலாற்றில் இறக்கிவிடுங்கள்.

அதோடு மொத்த உள்நாட்டு உற்பத்தி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தோல் விற்றது சேரும். கிணறு கெட்டதற்காக எதுவும் கழிக்கப்படாது. கெட்டதால் வாங்கிய கேன் தண்ணீர் மறுபடியும் சேரும். ஆஸ்பத்திரிச் செலவு அதற்கு மேல் சேரும். அம்மாயி தலையில் சுமந்த குடம் எங்கும் சேராது.

நம்ம முன்னோர்கள் இயற்கையோட இயைஞ்சுதானே வாழ்ந்தாங்க? அதையே சொல்லிக் கொடுத்துட்டா போதாதா?

ஏரி, மதகு, குடிமராமத்து, எல்லாம் பெருமைதான், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா 1940-களிலேயே நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிச் சிறையிலிருந்து எழுதினார், புருண்ட்லாண்டுக்கு நாற்பது வருடம் முன்பு. அவரை நம் பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுக் கடந்துவிடுவது எனக்குக் கோபம்தான்.

ஆனால் ஏரித் தண்ணீர் யாருக்குப் பாய்ந்தது, தூர் வாரியது யார், கிணற்றுப் படியில் யார் கால் வைக்கக் கூடாது என்று கேட்காமல் அந்தப் பெருமையைச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேருக்கு அது அவர்கள் பாட்டனின் கதையாகவே இருக்காது. 1927-இல் மகாராஷ்டிரத்து மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அறியாமையின் குகை என்றார். குமரப்பாவையும் அம்பேத்கரையும் ஒரே பீரியடில் எதிரெதிரே உட்கார வையுங்கள். யார் சரி என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டுக்காரன் போட்டுக்கற ஷூவுக்கு நம்ம ஆறு எதுக்குச் சாகணும்?

நல்ல கோபம், ஆனால் பாதி வழியில் நிற்கிற கோபம். இங்கே செய்யும் ஷூ பெருமளவு ஐரோப்பாவுக்குப் போகிறது என்பது உண்மை. தோலைப் பதனிட்ட தண்ணீர் இங்கேயே தங்கிவிடுகிறது, ஷூ மட்டும் போகிறது. அங்கே ஆறு சுத்தமானதற்கு அவர்கள் சட்டம் ஒரு காரணம், அழுக்கான வேலை நம் பக்கம் நகர்ந்தது இன்னொரு காரணம். ஜெர்மனியில் 2023 முதல் பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்கான செலவை வாங்குபவர் ஏற்பாரா, இல்லை ஆம்பூர்க்காரர் தலையில் கட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே லாபம் பார்த்தவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் நம்மவர்கள்தான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வகுப்புல அரசியல் பேசலாமா? பெற்றோர் புகார் கொடுத்தா யார் வர்றது?

பயம் நியாயமானது. எனக்கும் ஒருமுறை விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது ஒரு ஜெர்மன் ஏற்பாடு. 1976-இல் பாய்டெல்ஸ்பாக் என்ற சின்ன ஊரில் அரசியல் கல்வி நடத்துகிறவர்கள் கூடிப் பேசியதில் மூன்று விஷயங்கள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கக் கூடாது, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும், பிள்ளை தன் நலன் எது என்று தானே அலசக் கற்க வேண்டும். எங்கள் ஊர் டேனரி விஷயத்தில் இதைச் செய்தால் முதலாளி பக்கமும் வரும், கூலிக்காரர் பக்கமும் வரும், விவசாயி பக்கமும் வரும். புகார் கொடுக்க வந்தவருக்கே அவர் பக்கத்து வாதம் நோட்டில் எழுதியிருப்பதைக் காட்டலாம்.

அரசியல் பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூல்களைச் சுருக்கியபோது, அறிவியலில் இயற்கை வள மேலாண்மை அதிகாரமும் அரசியல் நூலில் மக்கள் போராட்டங்கள் பற்றிய அதிகாரமும் போய்விட்டன. 2023-இல் வந்த அச்சில் இரண்டும் இல்லை.

இதெல்லாம் தேர்வுல வருமா? மார்க் கிடைக்குமா?

வராது. வரையறை வரும், 17 இலக்குகளில் ஐந்து எழுதச் சொல்வார்கள். அதற்கு இரண்டு நாள் போதும், மனப்பாடம் பண்ணிக்கொள்வார்கள். ஆனால் வழக்கையும் தேதியையும் சேர்த்து எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தா பசங்களுக்கு நம்பிக்கையே போயிடாதா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. பார்த்த வரையில், ‘நீ விளக்கை அணைத்தால் பூமி பிழைக்கும்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்தான் பிளஸ் டூ வரும்போது எல்லாம் பொய் என்று ஒதுங்குகிறார்கள். வேலூரில் சில பேர் சேர்ந்து ஒரு மனுப் போட்டார்கள், நாட்டின் சட்டமே அதில் ஒரு படி நகர்ந்தது, ஆனால் ஆறு இன்னும் திரும்பி வரவில்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளைவிட நமக்குத்தான் தாங்கும் சக்தி குறைவு.

எனக்கு ஒரே ஒரு பீரியட்தான் இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?

புத்தகத்தைத் திறக்காதீர்கள். முந்தின நாளே ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள்: உங்கள் வீட்டில் பருப்பு எந்தத் தண்ணீரில் வேகிறது? கிணறா, போரா, பஞ்சாயத்துக் குழாயா, கேனா. கேன் என்றால் மாதம் எத்தனை, என்ன விலை, யார் தூக்கி வருகிறார்கள். மறுநாள் பலகையில் கூட்டுங்கள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் வருகிற தொகையைப் பார்த்து நீங்களே ஒரு நிமிடம் சாக்பீஸைக் கீழே வைப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் ‘மாசுபடுத்துபவரே பணம் கட்ட வேண்டும், 1996’ என்று எழுதுங்கள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கும், அவர்கள் பேசட்டும்.